இரத்தத்தில் இரும்பு தேடும் பூஞ்சைகள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2021 மே மாதத்தை நம்மில் யாரும் எளிதில் மறந்துவிட முடியாது. கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. ஒரு படுக்கை கிடைக்காதா என்று ஆம்புலன்ஸிலேயே மக்கள் காத்துக்கிடந்தார்கள். அந்த நாட்களில்தான், கொரோனாவிலிருந்து பிழைத்து வீடு திரும்பிய சிலர், கன்னம் வீங்கி, கண் பிதுங்கி, மூக்கிலிருந்து கறுத்த நீர் வடிய மீண்டும் மருத்துவமனைக்கு வந்தார்கள். கருப்புப் பூஞ்சை என்ற பெயர் ஒரே வாரத்தில் வீட்டுக்கு வீடு பேச்சானது. ராஜஸ்தான் அரசு அதைக் கொள்ளைநோயாக அறிவித்தது. தமிழ்நாட்டில் ஒரு நோயாளி கண்டறியப்பட்டாலும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று ஆணை வந்தது. நாடு முழுவதும் 45,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டதாகவும், 4,300 பேருக்கு மேல் இறந்துவிட்டதாகவும் அந்த ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. உயிர் பிழைத்தவர்களிலும் எத்தனையோ பேர் ஒரு கண்ணையோ மேல்தாடையையோ இழந்தார்கள்.

மருத்துவத்தில் இதற்கு மியூகோர்மைகோசிஸ் என்று பெயர். நம் நாட்டில் இதைப் பெரும்பாலும் உண்டாக்குவது ரைசோபஸ் என்ற பூஞ்சை. ஈரமான ரொட்டித் துண்டில் இரண்டு நாளில் படரும் பூஞ்சைக்கு மிக நெருங்கிய உறவு. மண்ணிலும் மட்கும் குப்பையிலும் காற்றிலும் அதன் வித்துகள் எப்போதும் இருக்கின்றன. நீங்களும் நானும் அவற்றை நாள்தோறும் சுவாசிக்கிறோம். நமக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் கட்டுக்கடங்காத சர்க்கரை நோய் உள்ளவருக்கும், ஸ்டீராய்டு மருந்தை நீண்ட நாள் எடுத்தவருக்கும் அதே வித்து எமனாகிறது. இது ஏன் என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. நோய் எதிர்ப்பு அணுக்கள் சோர்ந்துபோவது ஒன்று, இரத்தத்தில் சர்க்கரை மிகுவது மற்றொன்று. பொதுமக்களிடம் அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் இருக்கிறது. அது இரும்பு. பூஞ்சைக்கு இரும்பு வேண்டும், அது நம் உடம்பில்தான் இருக்கிறது. அதைப் பூஞ்சை எப்படிப் பறிக்கிறது, உடம்பு எப்படிக் காக்கிறது என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினுக்குள் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் ஃபெர்ரிட்டின் என்ற புரதக் கூட்டுக்குள் சேமிக்கப்பட்டிருக்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஒரு நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பது ஏறத்தாழ 3 மில்லிகிராம்தான். அந்த 3 மில்லிகிராமும் தனியாக ஓடுவதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதைக் கவ்விக்கொண்டே ஓடுகிறது. ஒரு டிரான்ஸ்ஃபெரின் மூலக்கூறு இரண்டு இரும்பு அணுக்களைப் பிடிக்கும். நலமாக இருப்பவரின் இரத்தத்தில் இந்த இடங்களில் மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பியிருக்கும். மற்ற இடங்கள் காலியாகவே இருக்கும். எங்காவது ஓர் இரும்பு அணு நழுவினால் உடனே பிடித்துக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. இதனால் நம் இரத்தத்தில் தனித்துத் திரியும் இரும்பு கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லிவிடலாம்.

உடம்பு இவ்வளவு கறாராக இருப்பதற்கு இரண்டு காரணங்கள். கட்டற்ற இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து நம் செல்களையே சிதைக்கக்கூடியது. அதைவிட முக்கியமானது, நோய்க்கிருமிகளுக்கும் அதே இரும்பு வேண்டும் என்பது. சுவாசத்துக்கும், டிஎன்ஏ உருவாக்குவதற்கும், எத்தனையோ நொதிகள் வேலை செய்வதற்கும் அவற்றுக்கு இரும்பு தேவை. பூஞ்சைகள் நம்மைப் போலவே உட்கரு கொண்ட செல்களால் ஆனவை. நமக்கு எதெதற்கு இரும்பு வேண்டுமோ, பெரும்பாலும் அததற்கு அவற்றுக்கும் வேண்டும்.

இதை முதலில் தெளிவாகக் காட்டியது ஒரு முட்டை ஆராய்ச்சி. கோழி முட்டை கூண்டில் கிடக்கிறது, மேலெல்லாம் அழுக்கு, ஓட்டில் நுண்ணிய துளைகள், இருந்தும் பல நாள் கெடாமல் இருக்கிறது. ஆர்தர் ஷேட், லியோனா கரோலின் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் முட்டையின் வெள்ளைக்கருவில் கிருமிகள் ஏன் வளர்வதில்லை என்று ஆராய்ந்தார்கள். வயிற்றுக்கடுப்புக் கிருமியை வைத்துப் பார்த்தார்கள், சீழ்க் கிருமியை வைத்துப் பார்த்தார்கள், ரொட்டி செய்யப் பயன்படும் ஈஸ்ட் என்ற பூஞ்சையையும் வைத்துப் பார்த்தார்கள். எதுவும் தலையெடுக்கவில்லை. அதில் இரும்பைச் சேர்த்ததும் எல்லாம் செழித்து வளர்ந்தன. 1944இல் இதை வெளியிட்டார்கள். இரண்டே ஆண்டில், மனித இரத்தத்திலும் இரும்பைப் பிடித்துவைக்கும் அப்படியொரு பொருள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இன்று டிரான்ஸ்ஃபெரின் என்று நாம் சொல்வது அதைத்தான். அந்த முதல் ஆய்விலேயே ஈஸ்ட் இருந்ததை, பூஞ்சை இயலில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் நான் வகுப்பில் எப்போதும் அழுத்திச் சொல்வேன். பாக்டீரியாவுக்கு மட்டும் உரிய சங்கதி அன்று இது.

காய்ச்சல் வந்ததும் உடம்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. கல்லீரல் ஹெப்சிடின் என்ற சிறிய ஹார்மோனைச் சுரக்கிறது. 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான் இது கண்டுபிடிக்கப்பட்டது. இது வந்தவுடன் குடலிலிருந்து இரும்பு இரத்தத்துக்குள் ஏறுவது குறைகிறது, சேமிப்பில் உள்ள இரும்பும் வெளியே வராமல் அடைபடுகிறது. சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் இரும்பின் அளவு சரிகிறது. கடுமையான தொற்று உள்ளவரின் இரத்தப் பரிசோதனைத் தாளில் இரும்பு குறைவு, ஃபெர்ரிட்டின் அதிகம் என்று இருப்பதைப் பார்த்து வீட்டார் பதறுவதுண்டு. உடம்பு தானே செய்துகொண்ட தற்காப்பு அது. இரும்பு எங்கும் தொலைந்துபோகவில்லை. கிருமியின் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி பூஞ்சையின் பக்கம் வருவோம்.

மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. செம்மண்ணின் நிறமே இரும்புதான். ஆனால் அது துருவாக, நீரில் கரையாத வடிவில் கிடக்கிறது. கரையாத இரும்பைப் பூஞ்சை உறிஞ்ச முடியாது. அதனால் மண்ணில் வாழ்ந்த காலத்திலேயே பூஞ்சைகள் ஒரு வழி கண்டுவிட்டன. இரும்பைத் தேடிப் பிடிக்கும் சிறு மூலக்கூறுகளைத் தயாரித்து வெளியே அனுப்புகின்றன. இவற்றுக்கு சிடெரோஃபோர் என்று பெயர். சிடெரோஃபோர் வெளியே போய் இரும்பைக் கவ்விக்கொள்கிறது. அப்படிக் கவ்வியதைப் பூஞ்சை தன் செல் சவ்விலுள்ள தனி வாயில் வழியே உள்ளே இழுத்துக்கொள்கிறது. இரும்போடு கூடிய முதல் சிடெரோஃபோரைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தவர் நீலண்ட்ஸ் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர். ஆண்டு 1952. அவர் பிரித்தெடுத்தது பயிர்களில் கரிப்பூட்டை நோய் உண்டாக்கும் ஒரு பூஞ்சையிலிருந்துதான்.

சிடெரோஃபோர் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கவும் வழியிருக்கிறது. அதே நீலண்ட்ஸ், ஷ்வின் என்பவரோடு சேர்ந்து 1987இல் ஒரு சோதனையை உருவாக்கினார். குரோம் அசுரால் என்ற சாயத்தோடு இரும்பைக் கலந்தால் அடர்ந்த நீல நிறம் வரும். இந்த நீலத்தை வளர்ப்பு ஊடகத்தில் கலந்து கண்ணாடித் தட்டில் ஊற்றி உறைய வைக்கிறோம். பூஞ்சைகளுக்கு இந்தக் கலவை சற்று நஞ்சு. ஆகவே தட்டில் பாதிக்கு நீல ஊடகம், மறுபாதிக்குச் சாதாரண ஊடகம் என்று வைத்து, சாதாரணப் பக்கத்தில் பூஞ்சையை நடுவோம். அது வெள்ளைப் பஞ்சாகப் படர்ந்து நடுக்கோட்டை நெருங்கும். பூஞ்சை இன்னும் கோட்டைத் தாண்டியிருக்காது. ஆனால் நீலப் பக்கத்தின் ஓரம் மட்டும் மெல்ல ஆரஞ்சாக மாறத் தொடங்கும். அடுத்த நாள் பார்த்தால் அந்த ஆரஞ்சு இன்னும் சில மில்லிமீட்டர் உள்ளே போயிருக்கும். சாயத்தின் பிடியிலிருந்து இரும்பை சிடெரோஃபோர் உருவிவிட்டது, அதனால்தான் நீலம் போய்விட்டது. பூஞ்சை தொடாத இடத்தில் அதன் கை வேலை செய்திருக்கிறது! பூஞ்சை இயல் என்றாலே பெயர்களை மனப்பாடம் செய்வதுதான் என்று சலித்திருக்கும் மாணவர்களும் இந்தத் தட்டைக் கையில் வாங்கியதும் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வழியில் தேர்ந்தது ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ். நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு இது பெரிய எதிரி. இது இரண்டு வகை சிடெரோஃபோர்களை வெளியே அனுப்பி இரும்பைத் திரட்டுகிறது. வேறு இரண்டைச் செல்லுக்குள்ளேயே இரும்பைச் சேமிக்க வைத்துக்கொள்கிறது. வெளியே போவது டிரான்ஸ்ஃபெரினிடமிருந்தே இரும்பைப் பறிக்கும் வல்லமை கொண்டது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் ஹூபர்ட்டஸ் ஹாஸ் குழுவினர் இந்தப் பூஞ்சையின் இரும்புக் கதையைப் பல ஆண்டுகளாகத் தோண்டி வருகிறார்கள். சிடெரோஃபோர் தயாரிப்பின் முதல் படியைச் செய்யும் மரபணுவை அவர்கள் நீக்கிப் பார்த்தார்கள். அந்தப் பூஞ்சையை எலியின் நுரையீரலுக்குள் செலுத்தினால் நோயே வரவில்லை. 2004இல் வெளியான முடிவு இது. அதே பூஞ்சையிடம் இரும்பை உறிஞ்ச இன்னொரு வழியும் உண்டு. அதை நீக்கியபோது பூஞ்சைக்கு ஒரு குறையும் வரவில்லை, எலிக்கு நோய் வழக்கம்போல வந்தது. ஆக, ஆஸ்பெர்ஜில்லஸின் உயிர்நாடி சிடெரோஃபோர்தான்.

கேண்டிடா அல்பிகன்ஸ் இதற்கு நேர்மாறானது. குழந்தைகளின் நாக்கில் வெண்படலமாகவும், பெண்களுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பாகவும் வெளிப்படுவது இதுதான். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்களுக்கு இரத்தத்திலேயே கலந்து உயிரைப் பறிப்பதும் இதுதான். இதற்குச் சொந்தமாக சிடெரோஃபோர் செய்யத் தெரியாது. பிற நுண்ணுயிர்கள் செய்து அனுப்பியதை எடுத்துக்கொள்ள மட்டும் தெரியும். ஆனால் ஆஸ்பெர்ஜில்லஸுக்கு இல்லாமலும் முடிகிற அந்த இரண்டாம் வழி, கேண்டிடாவுக்கு உயிரானது. செல்லின் மேற்பரப்பிலேயே இரும்பை வேதிமாற்றம் செய்து, பிடியிலிருந்து கழற்றி, செம்பு அடங்கிய ஒரு நொதியின் துணையோடு, பெர்மியேஸ் என்ற வாயிலில் நுழைக்கிறது. இந்த வாயிலுக்கான மரபணுவை நீக்கிய கேண்டிடாவால் எலிகளுக்கு நோய் உண்டாக்க முடியவில்லை என்று 2000ஆம் ஆண்டில் காட்டினார்கள். பூஞ்சை என்று ஒரே பெயரில் அழைக்கிறோம், ஆனால் ஒன்றை அடக்கும் மருந்து மற்றொன்றை அடக்காமல் போவதற்கு இப்படிப்பட்ட வேறுபாடுகள் காரணமாகின்றன.

கேண்டிடாவின் முழுத் திறமை ஹீமோகுளோபினிடம் தெரிகிறது. உடம்பின் இரும்பில் மூன்றில் இரண்டு பங்கு அங்கேதான் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? கேண்டிடா சிவப்பணுக்களை உடைக்க வல்லது. உடைந்து வெளிவந்த ஹீமோகுளோபினிலிருந்து ஹீம் என்ற இரும்புப் பகுதியைக் கழற்றுகிறது. இதற்கென்று ஒரு புரதக் குடும்பமே அதனிடம் இருக்கிறது. ஒன்று வெளியே மிதக்கிறது, ஒன்று செல் சுவரின் வெளிப்பக்கம், இன்னொன்று சவ்வை ஒட்டி. கட்டட வேலையில் சித்தாட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றி மேல்தளத்துக்கு அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படித்தான் ஹீம் ஒரு புரதத்திடமிருந்து அடுத்ததற்குக் கைமாறி, தடித்த செல் சுவரைக் கடந்து உள்ளே போகிறது. இஸ்ரேலில் ஹைஃபா நகரின் டெக்னியான் நிறுவனத்தில் டேனியல் கோர்னிட்சர் குழுவினர் இந்த வரிசையை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்துக் காட்டினார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கேண்டிடா நம் குடலில் சாதுவாகக் குடியிருக்கிறது. அங்கே உணவிலிருந்து வரும் இரும்பு தாராளம். அதனால் இரும்பைப் பறிக்கும் மரபணுக்களை அது அடக்கிவைக்கிறது. அதிகமானால் அதற்கும் நஞ்சுதானே. இரத்தத்துக்குள் புகுந்ததும் இரும்பு கிடைக்காத நிலை. உடனே அந்த மரபணுக்கள் எல்லாம் விழித்துக்கொள்கின்றன. கிரிப்டோகாக்கஸ் என்ற மற்றொரு பூஞ்சை, எய்ட்ஸ் நோயாளிகளுக்கு மூளைக்காய்ச்சல் உண்டாக்குவது, இரும்பு குறைந்தால் தன்னைச் சுற்றியிருக்கும் பசை போன்ற உறையைத் தடிக்கச் செய்துகொள்கிறது. அந்த உறைதான் நம் வெள்ளணுக்கள் அதை விழுங்க முடியாமல் தடுப்பது. இரும்புப் பஞ்சம் என்பது அதற்கு, மனித உடம்புக்குள் வந்துவிட்டோம் என்பதற்கான அடையாளம். நாம் தற்காப்புக்காகச் செய்வதையே எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளும் உயிரை என்ன சொல்வது?

இப்போது மீண்டும் ரைசோபஸுக்கு வருகிறேன். இன்று உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

ரைசோபஸ் சொந்தமாக ரைசோஃபெரின் என்ற சிடெரோஃபோரைச் செய்கிறது. ஆனால் மனித இரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரினோடு போட்டியிடும் அளவுக்கு அதற்குத் திராணி இல்லை. நலமானவர் ஒருவரின் இரத்த நீரில் ரைசோபஸை விட்டால் அது சரியாக வளராது. இரும்பைச் சேர்த்தால் உடனே தழைக்கிறது. அப்படியானால் சர்க்கரை நோயாளியின் உடம்பில் மட்டும் அதற்கு இரும்பு எங்கிருந்து கிடைக்கிறது?

சர்க்கரை நோய் முற்றி, இன்சுலின் போதாமல் போகும்போது, உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. அப்போது கீட்டோன் என்ற அமிலப் பொருட்கள் இரத்தத்தில் சேர்கின்றன. கீட்டோ அசிடோசிஸ் என்பது இந்த நிலை. மூச்சில் பழ வாசனை வரும், வாந்தி வரும், மயக்கம் வரும். இரத்தத்தின் இயல்பான காரத்தன்மை, pH என்ற அளவில், 7.35க்கும் 7.45க்கும் இடையில் இருக்கும். கீட்டோ அசிடோசிஸில் அது இதற்குக் கீழே இறங்குகிறது. டிரான்ஸ்ஃபெரினின் பிடி இந்தக் காரத்தன்மையை நம்பியது. அமிலம் ஏற ஏற அதன் பிடி தளர்கிறது, இரும்பு கழன்றுவிடுகிறது. 1982இல் ஒரு ஆய்வுக் குழு கீட்டோ அசிடோசிஸ் நோயாளிகளின் இரத்த நீரை எடுத்து ரைசோபஸை அதில் வளர்த்துப் பார்த்தது. இரத்த நீர் அமிலமாக இருக்கையில் பூஞ்சை தழைத்தது. அதே இரத்த நீரைக் காரமாக்கினால் வளர்ச்சி நின்றுபோனது. சர்க்கரை அதே சர்க்கரைதான். இரும்பின் கட்டு அவிழ்ந்ததா இல்லையா என்பதே அங்கே தீர்மானித்தது.

அதோடு முடியவில்லை. சர்க்கரை, கீட்டோன், இரும்பு மூன்றும் மிகும்போது நம் இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களில் ஒரு குறிப்பிட்ட புரதம் மேற்பரப்புக்கு அதிகமாக வருகிறது. ரைசோபஸின் மேலுறையில் உள்ள ஒரு புரதம் அதைச் சரியாகப் பற்றிக்கொள்கிறது. இரும்பு கிடைத்த இடத்திலேயே உள்ளே நுழையக் கதவும் திறந்துவிடுகிறது என்றால் பாருங்கள். இந்தப் பூஞ்சை இரத்தக்குழாயைத் துளைத்துப் போவதற்கும், அதன் வழியில் உள்ள சதையெல்லாம் இரத்த ஓட்டம் அற்று அழுகிக் கறுப்பதற்கும் இதுவே காரணம். அந்தக் கருமை பூஞ்சையின் நிறம் அன்று, செத்த சதையின் நிறம்.

நோயாளியின் மூக்கிலிருந்து எடுத்த சதைத் துணுக்கைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது, சதை கரைந்து தெளிந்த இடத்தில் அகன்ற நாடாக்கள் போன்ற இழைகள் தெரியும். குறுக்குச் சுவர் அரிதாகத்தான் இருக்கும். கிளைகள் ஏறத்தாழ செங்கோணத்தில் பிரியும். ஆஸ்பெர்ஜில்லஸ் என்றால் இழை மெலிந்து, குறுக்குச் சுவர்களோடு, கூர்ங்கோணத்தில் கிளைக்கும். இந்த வேறுபாட்டைப் பார்த்துச் சொல்ல அரை மணி நேரம் போதும். அதைக் கேட்ட அறுவை சிகிச்சை நிபுணர் அன்றிரவே நோயாளியை மேசைக்கு எடுத்துவிடுவார். 2021இல் நம் மருத்துவமனைகளின் நுண்ணுயிரியல் கூடங்களில் இரவு பகலாக நடந்த வேலை இது. பத்திரிகைகளில் அவர்கள் படம் வரவில்லை. அவர்களால் எத்தனையோ பேருக்குக் கண் மிஞ்சியது என்பதை நான் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

இனி, மருந்தே பூஞ்சைக்கு உணவான கதையைச் சொல்கிறேன். 1980களில் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருந்தவர்களுக்கு இரத்தம் அடிக்கடி ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றிய இரத்தத்தால் உடம்பில் இரும்பு தேங்கியது. டயாலிசிஸ் நீராலும் சில மாத்திரைகளாலும் அலுமினியமும் சேர்ந்தது. இரண்டையும் வெளியேற்ற டெஃபெராக்ஸமின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். நல்ல மருந்து. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ள குழந்தைகள் எத்தனையோ பேரை வாழவைத்த மருந்து. ஆனால் அதன் பிறப்பைப் பாருங்கள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிர், இரும்பு பிடிக்கத் தனக்கென்று செய்துகொண்ட சிடெரோஃபோர் அது. அதைத்தான் நாம் மருந்தாக்கினோம்.

டயாலிசிஸ் நோயாளிகளில் சிலருக்கு, சர்க்கரை நோய் இல்லாமலேயே, மியூகோர்மைகோசிஸ் வரத் தொடங்கியது. பெல்ஜியத்தைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் யோஹான் போலார்ட் இதைத் துருவினார். உலகின் பல பகுதிகளிலிருந்து இப்படிப்பட்ட 59 டயாலிசிஸ் நோயாளிகளின் விவரங்கள் திரட்டப்பட்டன. அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவர்கள் டெஃபெராக்ஸமின் பெற்றவர்கள். நடந்தது இதுதான். மருந்து இரத்தத்தில் இரும்பைக் கவ்விக்கொள்கிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் சிறுநீரில் வெளியே போய்விடும். டயாலிசிஸ் நோயாளிக்கு அந்த வழி அடைப்பு, இரும்பு சுமந்த மருந்து இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ரைசோபஸ் தன் மேற்பரப்பில் உள்ள புரதங்களால் அதைப் பற்றி, இரும்பை உரித்தெடுத்துக்கொள்கிறது. கேண்டிடாவாலும் ஆஸ்பெர்ஜில்லஸாலும் முடியாத அளவுக்கு, பல மடங்கு அதிகமாக எடுத்துக்கொள்கிறது. கினிப் பன்றிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்து ரைசோபஸைச் செலுத்தியபோது அவை விரைவாக மாண்டன. நமக்கு இரும்பைக் குறைக்கும் மருந்து, பூஞ்சைக்கு இரும்பை ஊட்டும் மருந்தாக இருந்திருக்கிறது.

இரும்பைப் பிடிக்கும் மருந்துகள் எல்லாமே இப்படியா என்றால், இல்லை. பின்னால் வந்த டெஃபெராசிராக்ஸ் என்ற மாத்திரையிலிருந்து ரைசோபஸால் இரும்பை எடுக்க முடியாது. அப்படியானால் அதைக் கொடுத்துப் பூஞ்சையைப் பட்டினி போடலாமே என்று அமெரிக்க ஆய்வாளர்கள் யோசித்தார்கள். எலிகளில் அருமையாகப் பலித்தது. நோயாளிகளிடம் சோதித்தார்கள். மொத்தம் 20 பேர்தான். 90 நாள் முடிவில், மாத்திரை பெற்றவர்களில் 82 சதவீதம் பேரும், பெறாதவர்களில் 22 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். மாத்திரை பெற்ற குழுவில் புற்றுநோயாளிகள் அதிகம் இருந்தார்கள், அதனால் மருந்தின் மீதே முழுப் பழியையும் போட முடியாது. ஆனாலும் 2012இல் இந்த முடிவு வந்தபின், பூஞ்சையைப் பட்டினி போடும் இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க யாருக்கும் துணிவு வரவில்லை, வரவும் கூடாது. எலியில் பலித்ததை வைத்து மனிதருக்கு மருந்து எழுதிவிட முடியாது என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் எங்கள் துறையில் குறைவு.

வேறு வழிகள் திறந்துகொண்டிருக்கின்றன. சிடெரோஃபோரைத் தயாரிக்கும் நொதிகள் பூஞ்சையிடம் இருக்கின்றன, மனிதரிடம் இல்லை. ஆகவே அவற்றைத் தாக்கும் மருந்து நம்மைத் தொடாமல் பூஞ்சையை மட்டும் தொடும் என்ற நம்பிக்கை இருக்கிறது. மலேசியக் காட்டின் சருகுகளில் கிடைத்த ஒரு பூஞ்சை, சிடெரோஃபோர் வடிவிலேயே ஒரு நஞ்சைச் செய்கிறது. நடுவில் இரும்புக்குப் பதிலாக அலுமினியம் இருக்கும். ஆஸ்பெர்ஜில்லஸ் அதை இரும்பென்று நம்பித் தன் வாயில் வழியே இழுத்துக்கொண்டு மடிகிறது. இது இன்னும் மருந்துக் கடைக்கு வரவில்லை. இன்ஸ்ப்ரூக்கில் சிடெரோஃபோரில் இரும்புக்குப் பதில் கதிர்வீசும் காலியம் என்ற உலோகத்தைப் பொருத்தி, நுரையீரலில் பூஞ்சை எங்கே இருக்கிறது என்று ஸ்கேனில் காணும் முயற்சியும் நடக்கிறது. எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது இந்த ஸ்கேன் முயற்சிதான், ஏனென்றால் பூஞ்சை நோயில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் தாமதம்.

இதையெல்லாம் கேட்ட நேயர்களில் சிலருக்கு இப்போது ஒரு பயம் வந்திருக்கும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடலாமா என்று. கட்டாயம் சாப்பிடுங்கள். நம் நாட்டில் பெண்களிலும் குழந்தைகளிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் இரும்பு மாத்திரையால் கருப்புப் பூஞ்சை வராது. முருங்கைக்கீரையும் பேரீச்சையும் யாருக்கும் பூஞ்சை நோயைக் கொண்டுவந்ததில்லை. எதிர்ப்பாற்றல் உள்ள உடம்பு, குடலில் ஏறும் இரும்பைக் கட்டிவைக்கத் தெரிந்த உடம்பு. கடுமையான தொற்று இருக்கும் நேரத்தில் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதை மருத்துவர்கள் தள்ளிவைப்பார்கள். அதற்குக் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும். அவசரப்படுத்தாதீர்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது சர்க்கரையையும் ஸ்டீராய்டையும் பற்றித்தான். 2020இன் இறுதி மாதங்களில் இந்தியாவின் 16 மருத்துவமனைகளில் திரட்டிய ஓர் ஆய்வில், 287 மியூகோர்மைகோசிஸ் நோயாளிகளில் 187 பேர் கொரோனாவோடு தொடர்புடையவர்கள். தேவைக்கு மீறி ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டது அவர்களிடம் ஒரு முக்கியக் காரணமாக இருந்தது. கொரோனாவில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்துதான். ஆனால் ஆக்சிஜன் தேவைப்படுபவருக்கு, நாளைக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். அதுதான் ஆய்வில் நிரூபிக்கப்பட்ட அளவு. அன்று காய்ச்சல் வந்த முதல் நாளே, வாட்ஸ்அப்பில் வந்த சீட்டைப் பார்த்து, கடையில் வாங்கி, சர்க்கரையைப் பரிசோதிக்காமலேயே விழுங்கியவர்களை நாங்கள் பார்த்தோம். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்பாற்றலை இறக்கும். அதற்குப் பிறகு நடப்பதை இதுவரை சொல்லிவிட்டேன்.

சர்க்கரை நோய் உள்ளவருக்கு முகத்தின் ஒரு பக்கம் மட்டும் வலித்தாலோ மரத்துப்போனாலோ, மூக்கில் கறுத்த பொருக்கோ இரத்தம் கலந்த நீரோ வந்தாலோ, கண் வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, மேல் பற்கள் திடீரென்று ஆடத் தொடங்கினாலோ, சைனஸ் என்று நினைத்து ஆவி பிடித்துக்கொண்டு இருக்காதீர்கள். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதையும், ஸ்டீராய்டு எடுத்திருந்தால் எத்தனை நாள் எடுத்தீர்கள் என்பதையும், தலசீமியாவுக்கோ டயாலிசிஸுக்கோ சிகிச்சை பெறுபவராக இருந்தால் இரும்பைக் குறைக்க எந்த மருந்து கொடுக்கப்படுகிறது என்பதையும் மருத்துவர் கேட்பதற்கு முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள். மருந்துச் சீட்டுகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் புறப்படுவதற்கு முன் ஒரு முறை சர்க்கரையைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நன்றி. வணக்கம்.